பரமசிவம் தொட்டியை நிரப்பியிருந்தார்

இந்தப் பயணத்தைப் பற்றி ஏற்கெனவே ஒரு முறை எழுதினேன். ஆலப்புழாவிலிருந்து திரும்பும் ரயிலிலேயே கைப்பேசியில் எழுதி முடித்துவிட்டேன். படகுக்காரர் பரமசிவத்தை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். வழியில் சிக்னல் இல்லாததால் அது இணையத்தில் ஏறவில்லை. இரண்டு நாள் கழித்து அழித்தேன். இது வேறு.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் கன்னியம்மா. காஞ்சிபுரம் செவிலிமேட்டில் வீடு. ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துப் பிழையை என் பேத்தி திருத்துவாள், நான் சொல்வதைத் திருத்த விடமாட்டேன். என் வீட்டுக்காரர் ஏகாம்பரத்துக்குப் பெருங்குடலில் அறுவை செய்து, வயிற்றின் இடப்பக்கம் பை வைத்திருக்கிறார்கள். மலம் அதில்தான் வரும். அவரை வேலூருக்கும் சென்னைக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்ததையே இதுவரை எழுதி வந்தேன். ஆஸ்பத்திரிக்கு இல்லாமல் நாங்கள் கிளம்பிய முதல் பயணம் இதுதான்.

கிளம்பியதற்குக் காரணம் உண்டு. பயணத்துக்குப் பதினான்கு மாதம் முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தபோது இவருடைய பை கசிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் இவருடைய சொந்தத் தம்பி. இலையில் அப்போதுதான் சாம்பார் ஊற்றியிருந்தார்கள். அவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, இலையை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். பச்சைக் கரை வேட்டி, இடது கையில் கைக்குட்டை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து அவரை எங்கள் வாசல்படி மிதிக்க நான் விடவில்லை. இவரும் அன்றிலிருந்து தெருமுனைக் கடைக்குக்கூடப் போகவில்லை.

இவர் வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் முப்பத்தொரு வருடம் மோட்டாரும் பம்பும் பார்த்தவர். சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்வார். அப்படி ஊரெல்லாம் சுற்றிய மனிதர் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் எத்தனை நாள் தாங்கும்? ஒரு ராத்திரியாவது தண்ணீர் மேல் படுத்துப் பார்க்க வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு நான் விடவில்லை. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு சரி என்றார்.

"கொழாய்ல தண்ணி வரணும் கன்னிம்மா. தொறந்தா வரணும். அது இருந்தா எங்க வேணா வரேன். இல்லன்னா இனிமே என்னக் கூப்புடவே கூடாது."

பை வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். பையைக் காலி செய்ய, கழுவ, சுற்றியிருக்கும் தோலைத் துடைக்க, ஓடும் தண்ணீர் வேண்டும். அதனால் படகுக்காரர்களிடம் பேசும்போது சாப்பாட்டைக் கேட்கவில்லை, ஏசி கேட்கவில்லை. குளியலறையில் தண்ணீர் உண்டா என்று மட்டும் நான்கு பேரைக் கேட்டேன். அதில் ஒரு முதலாளிதான், "முந்நூறு லிட்டர் தொட்டி, பம்ப் வைத்திருக்கிறோம், சமையலுக்கும் குளிக்கவும் நல்ல தண்ணீர்" என்று தெளிவாகச் சொன்னார். ஒரு படுக்கையறைப் படகு, பகல் பன்னிரண்டிலிருந்து மறுநாள் காலை ஒன்பது வரை, சாப்பாட்டோடு எட்டாயிரம் ரூபாய்.

தை மாதக் கடைசியில் கிளம்பினோம். செவிலிமேட்டிலிருந்து அரக்கோணம் முப்பத்திரண்டு கிலோமீட்டர், காருக்கு ஆயிரத்து நூறு. பஸ்ஸில் போனால் செலவு குறைவுதான், ஆனால் பை வைத்தவருக்குப் பஸ்ஸின் குலுக்கல் ஆகாது. ரயில் இரவு பத்துக்குக் கொஞ்சம் முன்னால். இரண்டும் கீழ்ப் படுக்கையாகக் கேட்டு வாங்குங்கள், கழிப்பறைக்குப் பக்கத்து வரிசையாக இருந்தால் நல்லது. நான் கண்ணை மூடவில்லை. ஒரு மணிக்கு ஒரு முறை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். மறுநாள் பத்து நாற்பதுக்கு ஆலப்புழா. அங்கிருந்து படகுத்துறை நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றிருபது.

படகில் பரமசிவம் ஒருவர்தான். ஓட்டுவது, சமைப்பது, கழுவுவது எல்லாம் அவரே. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஊர் செங்கோட்டைப் பக்கம் என்றார். நாங்கள் போனபோது கரையிலிருந்து நீல ஓஸ் ஒன்று படகின் பின்பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"தண்ணி ரொப்பறீங்களா?" என்று கேட்டேன்.

"ரொம்பிக்கிட்டே இருக்கும்மா. இன்னும் அஞ்சு நிமிசம்."

நான் எட்டிப் பார்க்கவில்லை. சாமான்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

அன்றைய பகலைப் பற்றி நீட்ட வேண்டாம். இவர் முன்பக்கத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பதினான்கு மாதம் கழித்து வெளிக்காற்று. "பாலாத்து மணல்ல வளந்தவனுக்கு இவ்ளோ தண்ணி ஒத்துக்காது, சளி புடிச்சிக்கும்" என்றார். பரமசிவம் சிரித்தார். மூன்று மணிக்கு இவர் குளியலறைக்குப் போனார். நான் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர், "வூட்ட விட நல்லா வருது, ஒரே சீரா" என்றார். உள்ளே போய் பம்பையும் பார்த்துவிட்டு வந்தார். தேங்காய் அளவு பம்ப், பின்பக்கம் பலகைக்கு அடியில் இருக்கிறது, பேட்டரியில் ஓடுகிறது, குழாயைத் திறந்தால் தானாக ஓடி மூடினால் தானாக நிற்கும் என்று எனக்குப் பாடமே எடுத்தார். ஆலையில் இருந்த நாட்களின் முகம் அது.

ஐந்தரைக்குப் பரமசிவம் படகைக் கரையோரம் கட்டினார். பக்கத்திலேயே இன்னும் இரண்டு படகு. சாப்பாட்டுக்குப் பிறகு பரமசிவம் வந்து சொன்னார்.

"அம்மா, ராத்திரி பம்ப் சுவிச்ச அமத்திடுவேன், பேட்டரி போயிரும்லா. காலைல அஞ்சரைக்குப் போட்டுட்டு, பால் வாங்க அங்கிட்டு போவேன். நடுவுல தண்ணி வேணும்னா ஒரு சத்தம் குடுங்க."

சரி என்றேன். படுக்கும் முன் வழக்கமான வேலைகளைச் செய்தேன். இவருக்கு மாத்திரை கொடுத்து, பையை மாற்றி, குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, வீட்டிலிருந்து எடுத்துப்போன பித்தளைச் சொம்பை அடியில் வைத்தேன். எங்கள் ஊர்த் தண்ணீரில் மண் வரும், அதனால் எந்த ஊருக்குப் போனாலும் குழாய்க்குத் துணி கட்டாமல் எனக்கு ஆகாது.

"படவுல வந்தும் கொழாய்க்குக் கோமணமா?" என்று இவர் கட்டிலிலிருந்து கேட்டார்.

"வாய மூடிக்கினு தூங்குங்க" என்றேன்.

முதல் நாள் ரயிலில் தூங்காததால் அடித்துப்போட்டது போலத் தூங்கிவிட்டேன். காலையில் இவர் குரல்தான் எழுப்பியது. மணி ஆறு இருபது. இவர் விடியும் முன்பே எழுந்து முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். பை ஓரமாகப் பிரிந்துவிட்டது. வேட்டி எல்லாம் ஆகிவிட்டது. குளியலறைக்குள் நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"கன்னிம்மா, தண்ணி வரல."

போய்க் குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. பின்பக்கத்திலிருந்து ஊளையிடுவது போல மெல்லிய சத்தம் மட்டும் வந்தது. சொம்பில் தண்ணீர் இருந்தது. அதை வைத்து முடிந்தவரை துடைத்தேன். ஒரு சொம்பு எதற்குப் போதும்? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்தாப்பா, யாரு இருக்கறீங்க" என்று கத்தினேன். பரமசிவம் பால் பாத்திரத்தோடு கரையில் ஓடி வந்தார்.

குளியலறைக்குள்ளிருந்தே இவர் சொன்னார். "மொதல்ல மோட்டார நிறுத்த சொல்லு. காலியா ஓடிக்கினு இருக்குது. எரிஞ்சிடும்."

பரமசிவம் சுவிட்சை அணைத்தார். பம்பைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். அவ்வளவு சூடு. இவர் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு மூடிய கழிப்பறை இருக்கை மேல் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார், பரமசிவம் பின்பக்கத்தில் செய்தார், நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னேன். பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். சுத்தமாக இருந்தது. உறிஞ்சும் ஓஸில் எங்காவது காற்று இழுக்கிறதா, இறுக்கியிருக்கும் வளையம் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். எல்லாம் இறுக்கமாக இருந்தது. "அப்பறம் இன்னா, பம்புல கொஞ்சம் தண்ணி ஊத்தி எடுக்க சொல்லு. தொட்டியத் தொறந்து ஒரு சொம்பு மொண்டுக்கட்டும்" என்றார்.

பரமசிவம் தொட்டி மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தொட்டி காய்ந்து கிடந்தது.

"நெறச்சேனேம்மா. வழிஞ்சப்புறம்தான ஓஸ எடுத்தேன்."

"வழிஞ்ச தண்ணி எங்க போச்சி? காக்கா குடிச்சிட்டு போச்சா?"

"சத்தியமா நெறச்சேன். நீங்க வாரப்ப ஓஸ் கிடந்துச்சுல்லா."

"ஓஸுதான் கெடந்தது. தண்ணி ஊத்துனத யாரு பாத்தா? நோயாளி வராருன்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பேன். பாவி மனுசன்."

பரமசிவம் எழுந்தார். இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு கரையில் இருந்த ஒரு வீட்டுக்கு ஓடினார். அந்த வீட்டுக் குழாய் இருநூறு அடிக்கு அப்பால். முதல் நடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, பம்பிலும் கொஞ்சம் ஊற்றிப் போட்டுப் பார்த்தார். ஊளை வந்ததே தவிரத் தண்ணீர் ஏறவில்லை. ரப்பர் கருகிய வாடை அடித்தது. "உள்ள ரப்பரு போயிட்சி. இனி ஏறாது" என்று இவர் உள்ளிருந்தே சொன்னார். அதற்குப் பிறகு பரமசிவம் தலையில் சுமந்து குளியலறைக்கே கொண்டுவந்தார். ஆறு நடை. ஒரு குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்னம்மா துணி, ஈரமா?"

"ஒங்க தண்ணியோட லட்சணம் தெரிஞ்சிதான் கட்டுனேன்" என்றேன்.

அவர் போய்விட்டார்.

இதெல்லாம் முடிய ஏழே கால். அந்த ஐம்பத்தைந்து நிமிடமும் இவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். குளியலறைக் கதவு திறந்தே இருந்தது, காற்று வெளிப்பக்கம் அடித்தது. பக்கத்துப் படகில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒரு அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள். மஞ்சள் நைட்டி, வலது கையில் டம்ளர். சாத்தியதை இவர் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன்.

அந்த வயிற்றெரிச்சலில் முதலாளிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு, பரமசிவத்தை எதிரில் நிற்கவைத்துக்கொண்டே பேசினேன். தொட்டியை நிரப்பாமல் நிரப்பினேன் என்று பொய் சொல்கிறார், இப்படிப்பட்டவரை வைத்திருந்தால் உங்கள் படகைப் பற்றி ஊர் முழுக்க எழுதுவேன் என்றேன். இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"வுட்ரும்மா. அவர ஒண்ணும் சொல்லாத. போதும்."

"நீங்க சும்மா இருங்க. இப்டி வுட்டு வுட்டுதான் ஒலகமே நம்ம தலைமேல ஏறுது."

ஒன்பது மணிக்குத் துறையில் முதலாளியின் ஆள் நின்றிருந்தார். எங்கள் முன்னாலேயே பரமசிவத்திடம் சாவியை வாங்கிக்கொண்டார். பரமசிவம் தன் சட்டையையும் ஒரு மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். எனக்கு அப்போது மனம் ஆறியது, அதை மறைக்க மாட்டேன். இவர் மெதுவாக நடந்து போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ரயிலில் நான் எழுதிக்கொண்டே வந்தேன். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை. எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். நான்கு மணிக்கும் வரும், ஐந்தரைக்கும் வரும், சொல்ல முடியாது. அதனால் ராத்திரியே குழாயைத் திறந்துவிட்டு, அடியில் குடத்தை வைத்துவிட்டுப் படுப்போம். குடத்தில் விழும் சத்தத்தில் எழுந்துகொள்வோம். செவிலிமேட்டில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான் எழும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கை செய்கிற வேலை அது. செய்கிறோம் என்பதே தெரியாது.

அன்று ஐந்து மணிக்குக் குடத்தில் தண்ணீர் விழுந்தது. கண் விழித்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

அந்தச் சொம்பு. படுக்கும்போது அதைக் காலியாகத்தான் வைத்தேன். காலையில் அது நிறைந்திருந்தது. யார் நிரப்பியது?

எனக்கு எதுவும் மறக்காது என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை பெருமையாக எழுதியிருக்கிறேன். அதே ஞாபகம் அன்று என்னைப் பிடித்துக்கொண்டது. துணியைக் கட்டினேன், சொம்பை வைத்தேன், குழாயைத் திருகினேன், பம்ப் அணைந்திருந்ததால் தண்ணீர் வரவில்லை, வீட்டில் விடுவது போல அப்படியே விட்டேன். பரமசிவம் ஐந்தரைக்குச் சுவிட்சைப் போட்டிருக்கிறார். வீட்டில் கட்டுவது சின்னத் துண்டு. அங்கே முழுத் துணியாகவே கட்டியிருந்தேன், அது சொம்புக்குள் தொங்கியது. தண்ணீர் துணி வழியாகச் சத்தமில்லாமல் இறங்கி, சொம்பு நிறைந்து, தரை ஓட்டை வழியாக முழுத் தொட்டியும் போய்ச் சேர்ந்தது. பிறகு பம்ப் காலியாக ஓடிக் கருகியது. ஆனால் நான் ஆறு இருபதுக்குப் போனபோது குழாய் மூடியிருந்தது. நான்தான் திறந்தேன். எனக்கு முன்னால் உள்ளே இருந்தது ஒரே ஒருவர்.

இவரும் விழித்துதான் இருந்தார்.

"கொழாய மூடுனது நீங்களா?"

"ஆமா" என்றார்.

"தெரிஞ்சிக்கினேவா எல்லாத்தையும் கழட்ட சொன்னீங்க?"

"மொதல்ல தெரியல. எதோ ரெண்டு சொட்டு போயிருக்கும்னு மூடுனேன். தொட்டி காலின்னாரு பாரு, அப்பதான் தெரிஞ்சிது."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

இவர் மேலே பார்த்தபடியே பேசினார். கோபமாகப் பேசவில்லை. "எப்டி சொல்றது? ஒரு கைக்குட்டைய மூக்குல வச்சதுக்கு என் தம்பி மொகத்த பதினாலு மாசமா பாக்க வுடல. நாலு பேரு எதிர்ல உன்னத் தலகுனிய வச்சா என்ன எத்தினி மாசம் ஒதுக்கி வப்ப? இந்தப் பைய மாத்த நீ ஒருத்திதான் இருக்கற. உன்னப் பகச்சிக்கினு நான் எங்க போயி ஒக்கார்றது?"

குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் எழுந்து போகவில்லை.

விடிந்ததும் முதலாளிக்குப் போன் செய்தேன். குழாயைத் திறந்து வைத்தது நான், பரமசிவம் மீது தப்பில்லை என்றேன். "பரவால்ல அம்மா, அவரப் போகச் சொல்லியாச்சு, வேற ஆள் வந்தாச்சு, அடுத்த தடவ வாங்க" என்றார். பம்புக்கு நான் கொடுக்கிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றார். பரமசிவத்தின் எண்ணை வாங்கி நாள் முழுக்க அடித்தேன். அணைத்து வைத்திருப்பதாகவே வந்தது. இன்றோடு ஐந்து வாரம், இன்னும் அப்படித்தான் வருகிறது.

இவர் மறுபடியும் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். எங்காவது போகலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதானே நிபந்தனை.

படகில் போகிறவர்களுக்குச் சில விஷயம். ஏறியதும் தொட்டி மூடியைத் திறக்கச் சொல்லி உங்கள் கண்ணால் பாருங்கள், அது உங்களுக்கும் நல்லது, படகுக்காரருக்கும் நல்லது. பம்ப் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சத்தம் கனமாக இருந்தால் தண்ணீர் ஏறுகிறது, மெலிந்து ஊளையிட்டால் காலியாக ஓடுகிறது, உடனே நிறுத்துங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் தொட்டியைப் பாருங்கள், அப்புறம் வடிகட்டி, அப்புறம் ஓஸ். பை வைத்திருப்பவர்கள் ஐந்து லிட்டர் கேன் இரண்டைத் தனியாக நிரப்பிக் கட்டிலுக்கடியில் வையுங்கள், எவர் என்ன உறுதி சொன்னாலும் சரி. படுக்கும் முன் எல்லாக் குழாயும் மூடியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள், முக்கியமாக எங்கள் ஊர்க்காரர்கள்.

இன்னொன்று. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது பரமசிவத்தைப் பார்க்கக்கூடும். ஒல்லியாக, உயரமாக இருப்பார். வலது கைச் சுண்டுவிரலில் நகம் கிடையாது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். உப்புமாவில் இஞ்சி தூக்கலாகப் போடுவார். குழாயைத் திறந்து வைத்தது செவிலிமேடு கன்னியம்மா என்று அவரிடம் சொல்லுங்கள். நான் ஒப்புக்கொண்டேன் என்றால் அவர் நம்பமாட்டார். காலியாக வைத்த சொம்பு காலையில் நிறைந்திருந்தது என்று சொல்லுங்கள். அந்த ஈரத்துணியைப் பார்த்தவர் அவர், நம்புவார்.